குல்டூரும் கல்ச்சரும், ஷ்லொஸ்ஸும் பேலஸும்: ஜெர்மன், ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பெர்லின் நகரத்தின் நடுப்பகுதியைப் பற்றிய ஒரு ஜெர்மன் கட்டுரையைச் சில ஆண்டுகளுக்கு முன்பு தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் நான் எழுதிய ஒரு வாக்கியத்தை மறுநாள் நானே வாசித்துச் சிரிக்கும்படி ஆயிற்று. "1950இல் அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தார்கள், அதே இடத்தில் 1976இல் ஓர் அரண்மனையைத் திறந்தார்கள், 2006 முதல் 2008 வரை அந்த அரண்மனையை இடித்து, மறுபடியும் அங்கே அரண்மனையைக் கட்டினார்கள்" என்று அது ஓடியது. ஆண்டுகளில் தவறில்லை, செய்தியிலும் தவறில்லை. ஆனால் வேறு வேலை இல்லாமல் ஒரே கட்டடத்தைக் கட்டுவதும் இடிப்பதுமாக ஓர் ஊரே பொழுதைக் கழித்தது போல அந்த வாக்கியம் ஒலித்தது.

ஜெர்மன் மூலத்தில் இந்தக் குழப்பம் துளியும் இல்லை. முதலிலும் கடைசியிலும் வருவது 'ஷ்லொஸ்', நடுவில் வருவது 'பலஸ்ட்'. முதலாவது, பிரஷ்யாவை ஆண்ட ஹோஹென்சோலர்ன் மரபு மன்னர்கள் வாழ்ந்த இல்லம். நடுவில் உள்ளது, கிழக்கு ஜெர்மனியின் அரசு தன் மக்களவையையும் பெரிய அரங்கையும் உணவகங்களையும் பௌலிங் கூடத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் கட்டிய 'குடியரசின் பலஸ்ட்'. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே பேலஸ் என்ற சொல்தான் வழங்குகிறது. நான் ஜெர்மனிலிருந்து மொழிபெயர்ப்பதாக எண்ணிக்கொண்டு, மனத்துக்குள் ஆங்கிலம் வழியாகத்தான் நடந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்று முதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுவதற்கு முன்னால், அந்தச் சொல் அதன் மொழியில் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில், எந்தச் சொல்லுக்கு எதிரில் நிற்கிறது என்று பார்க்கிறேன். பண்பாட்டைக் குறிக்கும் சொல்லும் அரண்மனையைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் லத்தீனிலிருந்து வந்தவையே. வேர் ஒன்றாக இருந்தும், அண்டை வீட்டார் வேறானதால் இரு மொழிகளிலும் அவற்றின் வாழ்க்கை வேறாகிவிட்டது. இந்த வழக்கத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இனி எடுத்துக்காட்டுகளோடு சொல்கிறேன். ஜெர்மன் சொற்களை இயன்றவரை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

ஆங்கிலக் கல்ச்சரும் ஜெர்மன் குல்டூரும் 'கோலெரே' என்ற லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தவை. உழுதல், பேணுதல், ஓரிடத்தில் குடியிருத்தல், தெய்வத்தை வழிபடுதல் ஆகிய எல்லாப் பொருளும் அந்த வினைக்கு உண்டு. ரோமானியச் சொற்பொழிவாளர் சிசெரோ கி.மு. 45இல், மெய்யியல் என்பது உள்ளத்தின் உழவு என்று எழுதியபோது, நிலத்துக்கு உரிய சொல் மனத்துக்கு ஏறியது. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனமும் பண்படுகிறது, அதிலிருந்து பண்பாடு என்கிறோம். ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியருக்கும் மறந்துபோன உழவு வாடை நம் சொல்லில் இன்னும் வீசுகிறது.

ஆகவே இந்தச் சொல் கண்ணில் பட்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேச்சு மண்ணைப் பற்றியதா, ஆய்வகத்தைப் பற்றியதா என்பதுதான். ஜெர்மனில் 'குல்டூர்ப்ஃப்ளன்ட்ஸெ' என்றால் மனிதர் பயிரிடும் செடி; அதற்கு எதிரில் நிற்பது காட்டுச்செடி. 'மோனோகுல்டூர்' என்றால் ஒற்றைப் பயிர்ச் சாகுபடி. நுண்ணுயிரியல் கட்டுரையில் குல்டூரோ கல்ச்சரோ வந்தால் அது நுண்ணுயிர் வளர்ப்பு. ஆங்கிலத்தில் முத்துக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் அது வளர்ப்பு முத்து. தயிர் டப்பாவின் மேல் பன்மையில் அச்சிடப்பட்டிருந்தால், உறை ஊற்றப் பயன்படும் நுண்ணுயிர்களைத்தான் குறிக்கிறது. இந்த இடங்களில் பண்பாடு என்று எழுதினால் வாசகர் திகைப்பார்.

சற்றே கடினமானது 'குல்டூர்லன்ட்ஷஃப்ட்'. மனிதக் கை பட்டு நூற்றாண்டுகளாக உருமாறிய நிலப்பரப்பை அது குறிக்கிறது. கை படாத இயற்கை நிலப்பரப்பு அதற்கு எதிரில் நிற்கிறது. ரைன் ஆற்றின் நடுப்பள்ளத்தாக்கில் செங்குத்தான சரிவுகளைப் படிப்படியாக வெட்டித் திராட்சை பயிரிட்டிருக்கிறார்களே, அதுதான் இந்தச் சொல்லின் தெளிவான உருவம். உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோ குழு 1992இல் இதை ஒரு தனி வகையாக ஏற்றது. அதிகாரபூர்வமான பட்டியலை மொழிபெயர்க்கும்போது 'பண்பாட்டு நிலப்பரப்பு' என்று வைக்கலாம். பயணக் கட்டுரையில் 'மனிதர் திருத்திய நிலம்' என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லில் மண் இருக்கிறது.

எதிரில் நிற்கும் சொல் எது?

மண்ணும் ஆய்வகமும் இல்லையென்றால், அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர்களும் தடுமாறும் இடம் இது.

ஆங்கிலத்தில் கல்ச்சரும் சிவிலைசேஷனும் ஒன்றுக்கொன்று பகையாக நின்றதில்லை. மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871இல் தன் புகழ்பெற்ற வரையறையைத் தொடங்கும்போதே, கல்ச்சர் அல்லது சிவிலைசேஷன் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் அனைத்தும் சேர்ந்த முழுமை அது என்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1869இல், ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான மேத்யூ ஆர்னல்ட் அதே சொல்லை உலகில் எண்ணப்பட்டவற்றிலும் சொல்லப்பட்டவற்றிலும் சிறந்ததை அறிந்து உயர்தல் என்ற பொருளில் கையாண்டிருந்தார். ஒருவருக்கு அது எல்லா மனிதருக்கும் உள்ளது. மற்றவருக்கு முயன்று பெற வேண்டியது. இன்றைய ஆங்கிலம் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. க்ரோபர், க்ளக்ஹோன் என்ற இரு அமெரிக்க மானிடவியலாளர்கள் 1952இல் இந்தச் சொல்லுக்கு 164 வரையறைகளைத் திரட்டினார்கள் என்றால், அகராதியை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதன் பயன் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஜெர்மனில் கதை வேறு. அங்கே குல்டூருக்கு எதிரில், சிவிலைசேஷனின் ஜெர்மன் வடிவமான 'ட்சிவிலிசாட்சியோன்' என்ற சொல் நிறுத்தப்பட்டது. 1784இலேயே மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், கலையாலும் அறிவியலாலும் நாம் பெரிதும் பண்பட்டிருக்கிறோம், சமூக நடத்தையிலும் நயத்திலும் சலித்துப்போகும் அளவுக்கு நாகரிகப்பட்டிருக்கிறோம், ஆனால் ஒழுக்கத்தில் உயர்ந்துவிட்டதாகச் சொல்ல இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்று எழுதினார். அகத்தைச் சார்ந்தது ஒன்று, புறத்தைச் சார்ந்தது மற்றொன்று என்ற கோடு அப்போதே விழத் தொடங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதை அழுத்தி வரைந்தார்கள். கலை, இசை, சமயம், மெய்யியல் ஆகியவை குல்டூர். தொழில்நுட்பம், நடையுடை, வசதி, அரசியல் நயம் ஆகியவை ட்சிவிலிசாட்சியோன் என்றானது. வரலாற்றுச் சிந்தனையாளர் ஓஸ்வால்ட் ஷ்பெங்லர் முதல் உலகப் போரின் முடிவில், ஒரு குல்டூர் முதுமையடைந்து உறைந்துபோன நிலைதான் ட்சிவிலிசாட்சியோன் என்று வாதிட்டார். இந்த எதிர்நிலை எப்படி உருவாயிற்று என்பதைச் சமூகவியலாளர் நோர்பெர்ட் எலியாஸ் 1939இல் விரிவாக ஆராய்ந்தார். அரசவைகளில் பிரெஞ்சு பேசிய பிரபுக்களிடமிருந்து தங்களை வேறுபடுத்திக்கொள்ள விரும்பிய ஜெர்மன் நடுத்தர வர்க்கத்துப் படிப்பாளிகளின் மனக்குறையில் அவர் அதன் தொடக்கத்தைக் கண்டார்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். புத்தகத் தலைப்புகளையே பாருங்கள். சுவிஸ் வரலாற்றாசிரியர் யாக்கோப் புர்க்ஹார்ட் 1860இல் இத்தாலிய மறுமலர்ச்சியைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள சொல் குல்டூர். 1878இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது சிவிலைசேஷன் ஆயிற்று. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்ட் 1930இல் குல்டூரில் உள்ள மனச்சங்கடத்தைப் பற்றி எழுதினார். ஆங்கில வாசகருக்கு அது சிவிலைசேஷனும் அதன் மனக்குறைகளும் என்றுதான் தெரியும். திரும்பும் பாதையிலும் இதுவே நடந்தது. அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹன்டிங்டன் 1996இல் சிவிலைசேஷன்களின் மோதலைப் பற்றி எழுதிய நூல், ஜெர்மனில் குல்டூர்களின் போர் என்ற தலைப்பில் வெளிவந்தது. மூன்று இடங்களிலும் மொழிபெயர்ப்பாளர் உறக்கக் கலக்கத்தில் சொல்லை மாற்றிவிடவில்லை. ஜெர்மன் குல்டூர் பன்மையில் வரும்போதும், ஒரு காலத்தின் முழு வாழ்வையும் சுட்டும்போதும் ஆங்கிலச் சிவிலைசேஷனோடுதான் பொருந்துகிறது. ஃப்ராய்டோ, 1927இல் எழுதிய மற்றொரு நூலில், குல்டூரையும் ட்சிவிலிசாட்சியோனையும் பிரிப்பதை இகழ்வதாகவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆசிரியரே இப்படிச் சொல்லியிருக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் பிரித்துக்காட்ட முயல்வது வீண் சிரமம்.

தமிழில் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பண்பாடு, நாகரிகம், கலாச்சாரம் என மூன்று சொற்கள் கைவசம் உள்ளன. பண்பாடு உழவோடு உறவுடையது. நாகரிகம் நகரத்தோடு உறவுடையது. லத்தீனில் சிவிலைசேஷனுக்கு வேரான சொல்லும் நகரக் குடிமகனைக் குறிப்பதே. எனவே ஆசிரியர் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் நூலில், குல்டூருக்குப் பண்பாடு என்றும் ட்சிவிலிசாட்சியோனுக்கு நாகரிகம் என்றும் தொடக்கத்திலேயே முடிவு செய்து, கடைசிப் பக்கம் வரை அதை மாற்றாமல் இருங்கள். எதிர்நிலை இல்லாத நூலில் அந்த இறுக்கம் தேவையில்லை. எகிப்து, மெசொப்பொத்தேமியா போன்றவற்றை ஜெர்மன் வரலாற்று நூல்கள் 'ஹோஹ்குல்டூர்' என்கின்றன. சொல்லுக்குச் சொல் உயர்பண்பாடு என்று வந்தாலும் தமிழில் அவை பண்டைய நாகரிகங்களே. அதே ஹோஹ்குல்டூர் செய்தித்தாளின் கலைப் பக்கத்தில் வந்தால், ஓப்பெராவும் செவ்வியல் இசையும் நாடகமும் என்று பொருள். முன்னும் பின்னும் நாலு வரி படித்தால் எது என்று தெரிந்துவிடும். கலாச்சாரத்தைப் பொறுத்தவரை, நாள்தோறும் பேசும் சொல் அதுவே என்பதால், நிறுவனக் கலாச்சாரம், புறக்கணிப்புக் கலாச்சாரம் போன்ற புதிய ஆங்கிலத் தொடர்களுக்கு அதை ஒதுக்கிவைத்திருக்கிறேன். இது என் சொந்த ஏற்பாடு, இலக்கணம் அல்ல.

ட்சிவிலிசாட்சியோனுக்கு ஜெர்மனில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் கசப்பை ஒரு மருத்துவச் சொல் காட்டிக்கொடுக்கிறது. உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு போன்றவற்றை அவர்கள் ட்சிவிலிசாட்சியோன் நோய்கள் என்கிறார்கள். நாம் வாழ்க்கைமுறை நோய்கள் என்போம். குல்டூர் நோய்கள் என்று எவரும் சொல்வதில்லை.

ஓர் எச்சரிக்கை. முதல் உலகப் போர்க் காலத்து ஆங்கில நூலில் குல்டூர் என்று ஜெர்மன் எழுத்துக்கூட்டலோடு வந்தால், அது வசை. 1914 அக்டோபரில் ஜெர்மன் அறிஞர்களும் கலைஞர்களுமாக 93 பேர், பெல்ஜியத்தில் தங்கள் படை செய்ததை மறுத்து ஓர் அறிக்கை விடுத்தார்கள். மூலத்தில் அது 'குல்டூர்' உலகத்துக்கு விடுத்த வேண்டுகோள். ஆங்கிலத்தில் நாகரிக உலகத்துக்கு என்று வெளிவந்தது. எதிர்த்தரப்பார் அந்த ஜெர்மன் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கப் போர்ச் சுவரொட்டி ஒன்றில் ஜெர்மனி ஒரு கொரில்லாவாக வரையப்பட்டிருக்கிறது; அதன் கையில் உள்ள தடியில் எழுதியிருப்பது குல்டூர் என்ற சொல். இத்தகைய இடத்தில் பண்பாடு என்று மொழிபெயர்த்தால் கேலி செத்துப்போகும். குல்டூர் என்றே வைத்து, மேற்கோள் குறி இட்டு, ஒரு வரி விளக்கம் சேருங்கள்.

நீண்ட சொல்லை வலமிருந்து அறுங்கள்

ஜெர்மனில் சொற்கள் சரம் சரமாக ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வருவதைக் கடைசித் துண்டிலிருந்து படிக்க வேண்டும். பொருளின் இனத்தைச் சொல்வது கடைசித் துண்டு, முன்னால் வருவது அடைமொழி. பிஸ்மார்க் ஆட்சிக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் 1870களில் நடந்த மோதலுக்குப் பெயரான 'குல்டூர்கம்ப்ஃப்' ஒரு போராட்டம். 'ஷ்ட்ரைட்குல்டூர்' ஒரு பண்பாடு, அதாவது கண்ணியமாகக் கருத்து மோதும் பழக்கம். துண்டுகள் இடம் மாறினால் பொருளும் மாறும்.

ஆனால் அறுத்தபின் துண்டுகளை அப்படியே கூட்டிவிடலாம் என்று நினைத்தால் 'குல்டூர்பாய்ட்டல்' உங்களைக் கவிழ்த்துவிடும். பாய்ட்டல் என்றால் பை. ஒரு கதையின் முதல் வரைவில் அதைப் 'பண்பாட்டுப் பை' என்று எழுதி, நாயகன் ஏதோ நூலகத்துக்கோ கோயிலுக்கோ போகிறான் போலிருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்த பத்தியில் அவன் அதற்குள்ளிருந்து பல்துலக்கியை எடுத்தான். பயணத்தின்போது பல்துலக்கி, பற்பசை, சோப்பு, சவரக்கத்தி, சீப்பு எல்லாம் போட்டு, இழுத்து மூடிப் பெட்டியின் ஓரத்தில் செருகிவைக்கும் சிறு பைக்குத்தான் ஜெர்மானியர் அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். உடம்பைப் பேணுதலும் கோலெரே என்ற வேர்வினைக்குள் அடங்கியதுதானே என்று பின்னால் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். தமிழில் குளியல் சாமான் பை என்றால் போதும்.

மனிதருக்கு அடைமொழியாக வரும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. ஆங்கிலத்தில் ஒருவரைக் கல்ச்சர் உள்ளவர் என்றால், ஜெர்மானியர் அங்கே பெரும்பாலும் 'பில்டுங்' உள்ளவர் என்பார்கள். பில்டுங் என்பது கல்வியும் சுய உருவாக்கமும் சேர்ந்தது. குல்டூரின் மற்றோர் அண்டை வீட்டார். பண்பட்டவர் என்பது இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் தமிழில் இந்தச் சிக்கல் எளிதாகத் தீர்கிறது.

ஒரு குன்றிலிருந்து நான்கு சொற்கள்

பேலஸுக்கு வருவோம். ரோம் நகரத்தின் ஏழு குன்றுகளில் ஒன்றான பலாத்தியத்தில் அகஸ்டஸும் அவருக்குப் பின்வந்த பேரரசர்களும் குடியிருந்தார்கள். குன்றின் பெயரே மெல்ல மெல்ல மன்னன் இல்லத்துக்குப் பெயராயிற்று. ஆங்கிலம் அதைப் பிரெஞ்சு வழியாகப் பெற்று ஒரே சொல்லாக வைத்துக்கொண்டது. ஜெர்மன் அதை வெவ்வேறு காலங்களில் பலமுறை வாங்கி, வாங்கிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பாதுகாத்துவிட்டது.

மிகப் பழையது 'ப்ஃபல்ட்ஸ்'. நிலையான தலைநகரம் இல்லாமல் ஊர் ஊராகச் சென்று ஆண்ட இடைக்கால மன்னர்கள் தங்கிய இருப்பிடங்களுக்கு அந்தப் பெயர். ஆகனும் கோஸ்லாரும் புகழ்பெற்றவை. இன்று ரைன்லாந்து-ப்ஃபல்ட்ஸ் என்ற மாநிலப் பெயரில் அது வருகிறது. அங்கே அரண்மனையைத் தேட வேண்டாம். அடுத்தது, பழைய பிரெஞ்சிலிருந்து வந்து வாலில் ஒரு 'ட்' ஒட்டிக்கொண்ட பலஸ்ட். கோட்டைக்குள் உள்ள பெரிய மண்டபக் கட்டடத்தைக் கட்டடக்கலை நூல்கள் வாலில்லாமல் 'பலஸ்' என்கின்றன. கடைசியாக, பிரெஞ்சு உச்சரிப்போடு வந்த 'பலே'. நகரத்துக்குள் பிரபுக்கள் கட்டிய பெரிய வீடு அது. பான் நகரத்தில் மேற்கு ஜெர்மனிப் பிரதமரின் அலுவலகமாக 1976 வரை இருந்த பலே ஷௌம்புர்க் ஓர் எடுத்துக்காட்டு.

இத்தனை இருந்தும், ஜெர்மன் மன்னர்கள் வாழ்ந்த இல்லத்துக்கு இவற்றில் ஒன்றுமே வழக்கமான பெயர் அல்ல என்பதுதான் வேடிக்கை. அதற்குப் பெயர் ஷ்லொஸ். மூடுதல், பூட்டுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல். கதவில் தொங்கும் பூட்டுக்கும் இதே பெயர்தான், பன்மையும் ஒன்றுதான். அரணும் மனையும் சேர்ந்து அரண்மனை ஆன நம் சொல்லுக்கும் இதற்கும் பிறப்பில் ஓர் ஒற்றுமை இருக்கிறது: இரண்டிலும் காவலே முதலில் வருகிறது. பழைய புத்தகங்களில் இதன் கடைசி எழுத்து எஸ்ஸெட் என்ற தனி எழுத்தாக இருக்கும். 1996இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் இரட்டை எஸ் ஆயிற்று. தேடும்போது இரண்டு வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

ஷ்லொஸ்ஸின் ஒரு பக்கத்தில் 'புர்க்' நிற்கிறது. புர்க் என்பது மதிலும் காவலும் உள்ள, போருக்காகக் கட்டிய கோட்டை; ஷ்லொஸ் வசிப்பதற்கும் பெருமைக்கும் கட்டியது. ஆங்கிலமோ காசில், பேலஸ் என்று வேறு கோணத்தில் பிரிக்கிறது. தோற்றத்தில் கோபுரமும் மலையுச்சியும் இருந்தால் காசில். தோட்டமும் சமதளமும் இருந்தால் பேலஸ் என்று ஏறக்குறையச் சொல்லலாம். அதனால்தான் ஒரே ஷ்லொஸ் ஆங்கிலத்தில் இரண்டாக உடைகிறது. பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் 1869இல் கட்டத் தொடங்கிய நோய்ஷ்வான்ஷ்டைன், எந்தப் போரையும் எதிர்பார்த்துக் கட்டியதல்ல. ஜெர்மனில் அது ஷ்லொஸ், ஆங்கிலத்தில் காசில். போட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிக் 1745 முதல் 1747 வரை கட்டிய ஒற்றைத் தளச் சான்ஸுஸியும் ஷ்லொஸ். ஆங்கிலத்தில் அது பேலஸ். எதிர்த்திசையில், பிரிட்டனின் வின்ட்சர் காசில் ஜெர்மனில் ஷ்லொஸ் வின்ட்சர்; பக்கிங்ஹாம் பேலஸ் மட்டும் பலஸ்டாகவே போகிறது. வெர்சாய் ஆங்கிலத்தில் பேலஸ், ஜெர்மனில் ஷ்லொஸ், அதன் சொந்தப் பிரெஞ்சில் ஷாத்தோ. வியன்னாவின் ஹோஃப்புர்க் பெயரில் புர்க், வாழ்வில் முழு அரண்மனை. பெயரோடு ஒட்டிய சொல்லைப் பெயராகவே கருதி, கட்டடத்தின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அரண்மனையா கோட்டையா என்று முடிவு செய்வதே பாதுகாப்பு.

ஆங்கிலப் பேலஸில் ஒரு சமூக விதி மறைந்திருக்கிறது. அந்நாட்டு வழக்கில் அது அரச குடும்பத்துக்கும் பேராயர், ஆயர்களின் இல்லங்களுக்கும் உரிய பெயர். கான்டர்பரி பேராயரின் லண்டன் இல்லம் லாம்பெத் பேலஸ். மார்ல்பரோ கோமகனின் ப்ளெனிம் பேலஸ் இதற்குப் பெயர்பெற்ற விதிவிலக்கு. 1512இன் தீ விபத்துக்குப் பின் மன்னர் குடியிருக்காத வெஸ்ட்மின்ஸ்டர் இன்றும் அதிகாரபூர்வமாகப் பேலஸ்தான். உள்ளே இருப்பது நாடாளுமன்றம். பத்திரிகையில் பேலஸ் மறுத்தது, பேலஸ் அறிவித்தது என்று வந்தால், பேசுவது கட்டடம் அல்ல, மன்னரின் அலுவலகம். தமிழில் 'அரண்மனை வட்டாரம்' என்ற வழக்கு அங்கே அழகாக உட்காரும்.

இடையில் ஒரு சிறு மகிழ்ச்சி. நடக்காத ஆசைகளை வளர்ப்பவர் ஆங்கிலத்தில் காற்றில் காசில் கட்டுகிறார், ஜெர்மனில் காற்றில் ஷ்லொஸ் கட்டுகிறார், தமிழில் மனக்கோட்டை கட்டுகிறார். பேலஸும் பலஸ்டும் அரண்மனையும் கட்ட மூவருக்குமே மனம் வரவில்லை.

மன்னன் இல்லாத மாளிகைகள்

ஷ்லொஸ் மன்னனோடு தங்கிவிட்டதால், ஜெர்மனில் பலஸ்ட் வேறு வேலைகளுக்கு ஓய்வாக இருந்தது. 1834இல் எழுத்தாளர் கியோர்க் ப்யூஷ்னர் வெளியிட்ட புரட்சித் துண்டறிக்கை, குடிசைகளுக்கு அமைதி, பலஸ்டுகளுக்குப் போர் என்று முழங்கியது. குடிசைக்கு எதிர்ச்சொல்லாக, பொதுவான ஆடம்பரத்தின் பெயராக அது நின்றது. பின்னர் மக்கள் கூடும் பெரிய கட்டடங்களுக்கெல்லாம் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. இதில் ஆங்கிலமும் சளைக்கவில்லை. 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசஃப் பேக்ஸ்டன் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய கண்காட்சிக் கூடம் கிரிஸ்டல் பேலஸ் ஆயிற்று. 1936இல் அது எரிந்துபோனாலும் பெயர் ஒரு கால்பந்துக் கழகத்தில் உயிரோடு இருக்கிறது. மியூனிக்கில் 1854இல் க்ளாஸ்பலஸ்ட், பெர்லினில் 1910இல் ஷ்போர்ட்பலஸ்ட், ஊருக்கு ஊர் திரையரங்குகளாக ஃபில்ம்பலஸ்ட் என வரிசை நீண்டது. இவற்றுக்குத் தமிழில் அரண்மனை என்ற சொல்லைத் தொடவே கூடாது. கண்ணாடி மாளிகை, விளையாட்டரங்கம், திரையரங்கம் என்று கட்டடத்தின் பயனை வைத்துப் பெயரிடுங்கள்.

கேலியாகவும் துயரமாகவும் வரும் இடம் ஒன்றுண்டு. பெர்லின் ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸெ ரயில் நிலையத்தை ஒட்டி 1962இல் கட்டப்பட்ட எல்லைச் சோதனைக் கூடத்தை மக்கள் 'ட்ரேனன்பலஸ்ட்' என்றார்கள். மேற்கிலிருந்து வந்து திரும்பும் உறவினரைக் கிழக்கில் உள்ளவர்கள் அழுதுகொண்டே வழியனுப்பிய இடம் அது. கண்ணீர் மாளிகை என்று தமிழில் எழுதினால், கூடத்தின் எளிமைக்கும் பெயரின் ஆடம்பரத்துக்கும் உள்ள முரண் ஓரளவு தங்கும். 'கண்ணீர்க் கூடம்' என்று திருத்தினால் அது போய்விடும்.

இரு சொற்களும் ஒன்றுசேர்ந்த 'குல்டூர்பலஸ்ட்' சோவியத் வழக்கைப் பின்பற்றிக் கிழக்கு ஜெர்மனியில் பரவியது. தொழிலாளருக்கு நூலகம், மேடை, நடனக்கூடம், ஓவிய வகுப்பு எல்லாம் ஒரே கட்டடத்தில். மன்னர் வாழ்ந்தது போன்ற மாளிகை இப்போது உங்களுக்கு என்ற அரசியல் செய்தியும் பெயரிலேயே உண்டு. போலந்துத் தலைநகர் வார்சாவில் சோவியத் அன்பளிப்பாக 1955இல் எழுந்த 237 மீட்டர் உயரக் கட்டடமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆங்கிலத்தில் பேலஸ் ஆஃப் கல்ச்சர் என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பாகவே ஒலிக்கும். அந்த மொழியினர் தங்கள் ஊரில் அத்தகைய கட்டடத்தை ஆர்ட்ஸ் சென்டர் என்பார்கள். தமிழில் பண்பாட்டு மாளிகை என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன்; கலையரங்கம் என்று சுருக்கினால் அந்த அரசியல் செய்தி உதிர்ந்துவிடும். சிரித்துத் தள்ளிய என் பெர்லின் வாக்கியமும் இந்த வழியில்தான் சீரானது: "1950இல் அரண்மனையைத் தகர்த்தார்கள், அதே இடத்தில் 1976இல் குடியரசு மாளிகையைத் திறந்தார்கள், பின்னர் அந்த மாளிகையையும் இடித்துவிட்டு, மூன்று பக்கம் பழைய முகப்போடு அரண்மனையை மீண்டும் எழுப்பினார்கள்."

பழகிப் பார்க்க விரும்புவோருக்கு ட்ரெஸ்டன் நகரம் ஒரு நல்ல பயிற்சித்தாளைத் தருகிறது. அங்குள்ள குல்டூர்பலஸ்ட் 1969 அக்டோபரில் திறக்கப்பட்டது. உட்புறம் மாற்றப்பட்டு, புதிய இசையரங்கோடு 2017இல் மீண்டும் திறந்தது. நகரத்தின் மைய நூலகமும் அதற்குள்தான் இருக்கிறது. சற்று நடந்தால் சாக்சனி மன்னர்களின் ஷ்லொஸ் வந்துவிடும். ஆங்கிலப் பயணக் குறிப்புகளில் அது சில இடங்களில் காசில், சில இடங்களில் பேலஸ். குல்டூர்பலஸ்டின் அஞ்சல் முகவரியோ ஷ்லொஸ்ஷ்ட்ராஸெ, இரண்டாம் எண். சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் வழியாக வந்தால் 'அரண்மனைத் தெருவில் உள்ள பண்பாட்டு அரண்மனை' என்று ஆகும். முகவரியை மாற்ற முடியாது என்பதால் தெருப்பெயரை ஒலிபெயர்த்துவிட்டு, "ஷ்லொஸ்ஷ்ட்ராஸெயில், பழைய அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள பண்பாட்டு மாளிகையில் இன்று மாலை கச்சேரி" என்று எழுதினேன்.